சான்செஸின் உச்சம் எந்தச் சண்டை? வாதத்தில் இறங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெக்சிகோ குத்துச்சண்டை வீரர் சால்வடோர் சான்செஸ் உலகச் சாம்பியனாக இருந்தது இரண்டரை வருடம்தான். 1980 பிப்ரவரியில் டபிள்யூ.பி.சி. (உலகக் குத்துச்சண்டை கவுன்சில்) ஃபெதர்வெயிட் பெல்ட்டை வென்றார். 126 பவுண்ட், நம் கணக்கில் சுமார் 57 கிலோ எடைப் பிரிவு அது. ஒன்பது முறை அந்த பெல்ட்டைக் காப்பாற்றினார். 1982 ஆகஸ்ட் 12 அன்று மெக்சிகோவின் கெரெத்தாரோ அருகே கார் விபத்தில் இறந்துபோனார். வயது 23. மொத்தம் 46 சண்டைகள்: 44 வெற்றி, ஒரு தோல்வி, ஒரு டிரா.

இவ்வளவு சின்னக் கணக்கில் "எது அவருடைய உச்சம்?" என்பதற்குச் சட்டென்று பதில் கிடைத்துவிடும் என்று தோன்றும். கிடைக்காது. ஒரு கட்சி, 1981 ஆகஸ்ட் 21 அன்று லாஸ் வேகஸில் புவேர்ட்டோ ரிக்கோ வீரர் வில்ஃப்ரெடோ கோமஸை எட்டாவது ரவுண்டில் முடித்ததுதான் என்னும். இன்னொரு கட்சி, 1982 ஜூலை 21 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அசுமா நெல்சனைப் பதினைந்தாவது ரவுண்டில் முடித்ததுதான் என்று அடித்துச் சொல்லும். இரண்டு கட்சியிலும் இருந்து பார்த்தவன் நான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான தவறுகளைத்தான் செய்கிறோம்.

முதல் தவறு, பின்னால் நடந்ததை முன்னால் கொண்டுபோய் ஒட்டுவது. நெல்சன் பிற்பாடு இரண்டு எடைப் பிரிவுகளில் உலகச் சாம்பியன் ஆனார், ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்தார், ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய குத்துச்சண்டை வீரர் என்று பலராலும் சொல்லப்படுகிறார். எல்லாம் சரி. ஆனால் அன்று இரவு ரிங்குக்குள் ஏறியவர் அந்த நெல்சன் இல்லை. 13 சண்டை மட்டுமே போட்ட, தோல்வியே காணாத கானா நாட்டு இளைஞர். மரியோ மிராண்டாவுக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டவர். "ஒரு ஜாம்பவானை நாக்அவுட் செய்தார்" என்று இன்று சொல்வது முழு உண்மை ஆகாது. அதே மூச்சில் எதிர்த்தவறையும் சொல்லிவிட வேண்டும்: "பெயர் தெரியாத ஒருவனிடம் பதினைந்து ரவுண்டு திணறினார்" என்பதும் அதே குற்றம்தான். முன்னதில் நெல்சனின் பிற்காலப் புகழை எடை போடுகிறோம், பின்னதில் அன்றைக்குப் புகழ் இல்லாததை எடை போடுகிறோம். எதிரே நின்றவர் அன்று எப்படிச் சண்டை போட்டார் என்று யாரும் பார்ப்பதில்லை. பார்த்தால் தெரியும்: ஏழாவது ரவுண்டில் தரையில் விழுந்த பிறகும் நெல்சன் முன்னேறி வந்துகொண்டே இருந்தார். பழக்கப்பட்ட சாம்பியன்களே அந்த நெருக்கடியில் நிலைகுலைந்திருப்பார்கள்.

இரண்டாவது தவறைச் செய்த முதல் ஆள் நானாகவே இருக்கலாம்: துண்டு வீடியோவை வைத்து முழுச் சண்டையைப் பேசுவது. கோமஸ் சண்டை என்றால் எல்லோருக்கும் இரண்டு காட்சிதான் ஞாபகம். ஒன்று, ஆரம்பம். கோமஸ் அதற்கு முன் போட்ட 33 சண்டைகளில் 32 நாக்அவுட், ஒரு டிரா. 122 பவுண்ட் பிரிவில் 13 முறை பட்டத்தைக் காப்பாற்றியவர், பதின்மூன்றும் நாக்அவுட். சான்செஸைச் சீக்கிரமே சாய்த்துவிடுவேன் என்று முழங்கிவிட்டு வந்தார். சீசர்ஸ் பேலஸில் ஒரு பக்கம் மெக்சிகோக்காரர்கள், மறுபக்கம் புவேர்ட்டோ ரிக்கோக்காரர்கள். மணி அடித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கோமஸ் தரையில். எழுந்தார், கயிற்றோரம் ஒதுங்கினார், குத்துகள் விழ விழ எப்படியோ அந்த ரவுண்டைக் கடந்தார். இரண்டாவது காட்சி எட்டாவது ரவுண்டு: முகம் வீங்கி, கண் மூடி, கயிற்றில் சரிந்த கோமஸ், ரெஃபரி கார்லோஸ் பதில்லா சண்டையை நிறுத்துகிறார்.

இந்த இரண்டை மட்டும் பார்த்துவிட்டு "ஒருதலைப்பட்சமான சண்டை" என்று வருடக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தேன். முழுசாகப் பார்த்த அன்றுதான் அசடு வழிந்தது. நடு ரவுண்டுகளில் கோமஸ் எழுந்து வந்து நன்றாகவே அடிக்கிறார். கன்ன எலும்பு உடைந்த மனிதர் என்று நம்பவே முடியாது. சான்செஸ் அப்போது என்ன செய்தார் என்பதில்தான் அந்தச் சண்டையின் முழு மதிப்பும் இருக்கிறது. முதல் ரவுண்டிலேயே எதிரியைச் சாய்த்துவிட்ட இளம் சாம்பியன் அவசரப்படவில்லை. முடித்துவிட வேண்டும் என்று துரத்திப் போய் வாங்கிக் கட்டிக்கொள்ளவில்லை. உடம்பைப் பின்னால் சாய்த்து, குத்தைத் தாண்டவிட்டு, உடனே வலது கையைத் திருப்பிக் கொடுத்தார். கோமஸ் அடித்த ஒவ்வொரு குத்துக்கும் வட்டியோடு பதில். துண்டு வீடியோவில் இது வராது, ஏனென்றால் இதில் யாரும் விழுவதில்லை.

கோமஸ் சண்டையைக் குறைத்துப் பேசுகிறவர்களிடம் ஒரு பழைய சாக்கு உண்டு: அவர் சரியாகப் பயிற்சி எடுக்கவில்லை, சான்செஸைச் சாதாரணமாக நினைத்துவிட்டார். இருக்கட்டும். எதிரியின் கவனக்குறைவைக் கணக்கில் சேர்க்கலாம், ஆனால் அதுவே கணக்கு ஆகிவிடக் கூடாது. அதே கோமஸ் 122 பவுண்டுக்குத் திரும்பிப் போய் இன்னும் நாலு முறை பட்டத்தைக் காப்பாற்றினார். 1984-ல் ஹுவான் லாபோர்ட்டை வென்று ஃபெதர்வெயிட் பட்டமும் வாங்கினார். தீர்ந்துபோன ஆளைச் சான்செஸ் அடிக்கவில்லை.

இனி சங்கிலிக் கணக்கு. 'அவர் இவரை அடித்தார், இவர் அவரை அடித்தார், ஆகவே...' என்று விரல் விட்டு எண்ணுவது. 1984 டிசம்பரில் நெல்சன் சான் ஹுவானில் கோமஸைப் பதினோராவது ரவுண்டில் நாக்அவுட் செய்தார். ஆகவே நெல்சனை வென்றதுதான் பெரிது என்பார்கள். சரி, அதே சங்கிலியை இன்னொரு கண்ணி இழுத்துப் பார்ப்போம். இங்கிலாந்தின் பேட் கவ்டெல், 1981 டிசம்பரில் சான்செஸிடம் பதினைந்து ரவுண்டும் நின்று, ஜட்ஜ்கள் பிளவுபட்ட தீர்ப்பில்தான் தோற்றார். அதே கவ்டெல்லை 1985-ல் நெல்சன் முதல் ரவுண்டிலேயே சுருட்டினார். இந்தக் கணக்குப்படி நெல்சன் சான்செஸைச் சுலபமாக வென்றிருக்க வேண்டுமே? ரிங்கில் நடந்தது நேர்மாறு.

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது, இன்றைய விதியை மனதில் வைத்துக்கொண்டு அன்றைய சண்டையை அளப்பது. இன்று உலகப் பட்டச் சண்டை 12 ரவுண்டு. சான்செஸ் காலத்தில் 15. அவர் இறந்து மூன்று மாதம் கழித்து, 1982 நவம்பரில், தென்கொரிய வீரர் டுக் கூ கிம் ரிங்கில் பட்ட காயத்தால் உயிரிழந்தார்; அதற்குப் பிறகுதான் டபிள்யூ.பி.சி. 12 ரவுண்டாகக் குறைத்தது. இதை மறந்துவிட்டு "நெல்சன் சண்டையில் பல ரவுண்டுகள் இழுபறியாக இருந்ததே" என்பார்கள். இருந்ததுதான். ஆனால் சான்செஸ் பதினைந்துக்குத் திட்டம் போட்டு ஓடுகிற வண்டி. டேனி லோபஸை முதல் முறை முடித்தது (பெல்ட்டை வென்ற சண்டை அது) பதின்மூன்றாவது ரவுண்டில், மறுபோட்டியில் பதினான்காவதில், நெல்சனைப் பதினைந்தாவதில். கவ்டெல்லைத் தரையில் தள்ளியதும் கடைசி ரவுண்டில்தான். 12 ரவுண்டு விதி அப்போதே இருந்திருந்தால் இந்த நாலும் வேறு மாதிரிச் சண்டைகளாகியிருக்கும். மற்றவர்களுக்குக் கை கனத்துக் கால் தள்ளாடுகிற நேரத்தில் இவர் ஒரு கியர் ஏற்றுவார். நெல்சன் சண்டையின் கடைசி ரவுண்டைப் பாருங்கள். பதினான்கு ரவுண்டு மோதிவிட்டு வந்தவர் மாதிரியா இருக்கிறார்?

லோபஸ் என்றதும் ஞாபகம் வருகிறது: இந்த வாதத்தில் பெரும்பாலானோர் அவரை மறந்தே போகிறார்கள். இரண்டே பெயர்களுக்குள் கேள்வியைப் பூட்டிவிடுவதும் ஒரு தவறுதான். 1980 பிப்ரவரி 2, அரிசோனாவின் ஃபீனிக்ஸ். லோபஸ் எட்டு முறை பட்டம் காத்த சாம்பியன். விழுந்து எழுந்து அடித்து ஜெயிப்பதையே வழக்கமாக வைத்திருந்தவர். எதிரே அமெரிக்க ரசிகர்களுக்கு அவ்வளவாகத் தெரியாத 21 வயதுப் பையன். அந்தப் பையன் சாம்பியனை உள்ளே வரவிட்டு வரவிட்டு அடித்தான். லோபஸ் சண்டைகளில் எப்போதும் ஒரு திருப்பம் வரும் என்று கூட்டம் காத்திருந்தது, கடைசிவரை வரவில்லை.

இன்னொன்று, மரணம். நெல்சன் சண்டை முடிந்து 22 நாளில் சான்செஸ் போய்விட்டார். லாபோர்ட்டுடன் மறுபோட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரம். அதனாலேயே அந்தச் சண்டைக்கு ஒரு விடைபெறும் சாயல் வந்துவிட்டது. அது நாம் பூசியது. அன்று இரவு அவருக்கு அது ஒன்பதாவது பாதுகாப்புச் சண்டை, அவ்வளவுதான்.

என் ஓட்டு யாருக்கு என்று கேட்பீர்கள். கோமஸ் சண்டைக்குத்தான், அதுவும் அந்த நடு ரவுண்டுகளுக்காக. லோபஸ் முதல் சண்டை ஒரு மயிரிழை பின்னால். நெல்சன் சண்டை அவருடைய மிகப் பெரிய வெற்றியாக இருக்கலாம். ஆனால் வெற்றியின் பெருமையும் ஆட்டத்தின் நேர்த்தியும் ஒன்றல்ல. நீங்கள் மறுக்கலாம். அதற்கு முன் மூன்றையும் முழுசாகப் பார்த்துவிட்டு வாருங்கள். 13, 8, 15: மொத்தம் 36 ரவுண்டு, இடைவேளையோடு சேர்த்து இரண்டரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு தமிழ்ப் படம் ஓடுகிற நேரம்தான். லோபஸிலிருந்து ஆரம்பியுங்கள்.