வரைஞ்ச ஆள் சாயுதா? ஒரு நூலும் சாவியும் போதும்

முகம் அச்சு அசலா வந்துடும், ஆனா ஆள் இப்போ விழுவானோ அப்புறம் விழுவானோன்னு நிப்பான். நானும் இப்படி ரெண்டு நோட்டைத் தீர்த்தவன்தான்.

ஒரு முழ நூல்ல வீட்டுச் சாவியைக் கட்டுங்க, கொத்தனார் தூக்குக்குண்டு மாதிரி. ஒத்தைக்காலில் பாரம் போட்டு நிக்கிறவருக்கு எதிரே நின்னு, ஒரு கண்ணை மூடி, நூலைத் தொண்டைக்குழிக்கு நேரா பிடிங்க. அநேகமா அது பாரம் தாங்குற காலோட கணுக்கால் பக்கம் வந்து நிக்கும். தாள்ல முதல்ல அந்தக் கோடு. பிறகு, அந்தப் பக்கத்து இடுப்பு ஏறும், தோள் இறங்கும்.

பழகுறதுக்குத் திருநெல்வேலியில இருந்து திருச்செந்தூர் போற ரோட்டில் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலுக்குப் போங்க. நாயக்கர் காலச் சிற்பங்கள். இளவரசியைத் தூக்கிட்டுப் போற குறவன் முன்னால நின்னா, ரெண்டு உடம்புப் பாரமும் எங்கே இறங்குதுன்னு தெரியும். தள்ளி நின்னே பிடிங்க, கல்லைத் தொட வேண்டாம்.

அளவும் எடுப்பீங்கன்னா, சிற்ப நூல் சொல்ற நவதாளம்னா ஆளோட முழு உயரம் 9 முகம். முகம்னா நெற்றி மேல்விளிம்புல இருந்து நாடி வரை. உச்சந்தலையில இருந்து எடுத்தா சாதாரண ஆளுக்கு ஏழரைத் தலைதான் வரும். ரெண்டையும் குழப்பித்தான் எங்க செட்டுல பாதிப் பேர் ஒட்டகச்சிவிங்கி வரைஞ்சோம்.