இராமநாதபுரக் கடற்கரையில் சுல்தான் காலத்து வாழ்வைத் தேடும் முறை

மதுரைச் சுல்தான்களின் ஆட்சி 1335 அளவில் தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளே நீடித்தது. அக்காலத்து உழவையும் வணிகத்தையும் தம் ஊரிலிருந்து எழுத முற்படுவோர், முஸ்லிம் வணிகத்துக்கு ஓர் ஏடும் முஸ்லிம் ஆட்சிக்கு இன்னோர் ஏடுமாகக் குறிப்புகளைத் தொடக்கத்திலேயே பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். முஸ்லிம் வணிகம் அந்த ஆட்சிக்கு முன்பே இக்கரையில் இருந்ததால், இரண்டையும் கலந்து தவறு செய்தவர்களே அதிகம்.

திருவாடானைப் பக்கத்துத் தீர்த்தாண்டதானத்தில் உள்ள 1269-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, மேற்காசிய வணிகரின் குழுவான அஞ்சுவண்ணத்தை மற்ற வணிகக் குழுக்களோடு சேர்த்தே குறிப்பிடுகிறது. ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் இக்கரை உள்ளிட்ட இந்தியத் துறைகளுக்கு வந்ததாகவும், ஒன்றின் விலை 220 செம்பொன் தினார் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியதும் பாண்டியர் காலத்தைப் பற்றித்தான். எனவே பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடு கிடைத்தாலோ, கீழக்கரையில் பழைய பள்ளிவாசல் தூணைக் கண்டாலோ, உடனே அதைச் சுல்தான் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஓடு கிடைத்த இடத்தையும் மண்ணடுக்கையும் குறித்துக்கொண்டு, அதைத் தொல்லியல் துறையினரிடம் காட்டுவதே முறை.

காசு கிடைத்தால் காலம் தெளிவாகும். அதிலுள்ள ஹிஜ்ரி ஆண்டை 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டினால் கிறித்தவ ஆண்டு ஏறக்குறையக் கிடைக்கும். இறுதிச் சுல்தானின் காசிலுள்ள 779 அவ்வாறே 1377 ஆகிறது.

உழவைப் பற்றி எழுதக் கண்மாய்க் கரையில் நிற்க வேண்டும். இராஜசிங்கமங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று நம்மவர் சொல்வது வெறும் பெருமையன்று. மழைநீரைத் தேக்கி மடைவழியே பங்கிட்டால்தான் இந்த மண்ணில் நெல் விளையும் என்பதால், ஆட்சி யாருடையதாயினும் கண்மாயே விளைச்சலை முடிவு செய்தது. ஊர் நீர்பாய்ச்சியிடம் ஒவ்வொரு மடையின் பெயரையும் அதன் பாசன எல்லையையும் கேட்டெழுதி, மடைத்தூண்களில் எழுத்து உண்டா என்றும் பாருங்கள்; கடமை, அந்தராயம் போன்ற வரிப்பெயர்கள் கண்ணில் பட்டால் அவை பாண்டியர் நடைமுறையைச் சேர்ந்தவை.

தில்லிச் சுல்தான் அலாவுதீன் கில்ஜி விளைச்சலில் பாதியை வரியாகக் கொண்டது கங்கை, யமுனைச் சமவெளி சார்ந்த ஏற்பாடு. அவருடைய தளபதி மாலிக் கபூர் 1311-இல் இங்கே செல்வத்தைக் கொள்ளையிட வந்தாரேயன்றி நிலத்தை அளந்து வரி விதிக்க வரவில்லை. ஆதலால் அந்தப் பாதிக் கணக்கை நம் கண்மாய் வயல்களின் மேல் ஏற்றாதீர்கள்.