ஸ்கா பங்க் வாசிக்கிறவங்க தயவுசெஞ்சு இதெல்லாம் பண்ணாதீங்க

ஸ்கா பங்க்னா ஜமைக்காவோட ஸ்காவும் பங்க் ராக்கும் கலந்தது. இதுல புதுசா பேண்ட் ஆரம்பிக்கிற பசங்க ரெக்கார்டிங் அனுப்பி கேளுங்கண்ணான்னு சொல்றாங்க, கேட்டா நாங்க அப்ப பண்ண அதே சொதப்பல். ட்யூனிங் பாருங்க, ஸ்ட்ரிங் மாத்துங்கன்னெல்லாம் சொல்லப் போறதில்ல.

கார்ட (சேர்ந்து ஒலிக்கிற நோட்டுங்கள) இழுக்க விடுறது

இதுதான் எனக்கு இன்னும் கடுப்பு. ஒன், அண்ட், டூ, அண்ட்னு எண்ணினா கிடார் அந்த 'அண்ட்'ல மட்டும்தான் கேக்கணும். எல்லாரும் வலது கை அப்ஸ்ட்ரோக்க (கீழருந்து மேல அடிக்கிறத) மட்டும் பழகுறாங்க, ஆனா பாதி வேலை இடது கையில இருக்கு. பார் கார்ட் (ஒரே விரல குறுக்க வெச்சு பல ஸ்ட்ரிங்க அழுத்துறது) புடிச்சு 'அண்ட்'ல அழுத்தி, அடிச்ச உடனே விரல தளர்த்தணும், ஸ்ட்ரிங்க விட்டு எடுக்கக் கூடாது, தொட்டுக்கிட்டே இருக்கணும், அப்பத்தான் சத்தம் 'சக்'னு அறுந்து நிக்கும். மெல்லிசு ஸ்ட்ரிங் மூணு போதும். ஓப்பன் கார்ட்ல விரல் படாத ஸ்ட்ரிங் அது பாட்டுக்கு ஒலிச்சுக்கிட்டே இருக்கும்.

ஒரு பேண்ட், ஸ்டுடியோவுக்கு வாடகை குடுத்து மூணு பாட்டு எடுத்துட்டு வந்து மிக்ஸ் பண்ணித் தாங்கன்னாங்க. வெர்ஸ் (கோரஸுக்கு முன்னாடி வர்ற சரணம்) பூரா டிஸ்டார்ஷன் (கிடார் சத்தத்த கரகரன்னு ஆக்குறது) ஆன்ல இருக்கு, கார்ட் மேல கார்ட் வழியுது, பாஸ்காரன் பாவம் அழகா வாக்கிங் லைன் (பீட்டுக்கு ஒரு நோட்டா நடந்து போற மாதிரி) வாசிச்சிருக்கான், ஒரு நோட்டு வெளிய தெரியல, ட்ரம்பெட் எல்லாம் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. "ஈக்யூல (பேஸ், ட்ரெபிள் கூட்டிக் கொறைக்கிறதுல) சரி பண்ணிடலாம்லண்ணா?" எப்படிப்பா, வாசிக்கும்போதே இடைவெளி விடல, நான் எங்கருந்து கொண்டு வர்றது? கிடார் மொத்தமும் திரும்ப எடுத்தாங்க, திரும்ப வாடகை.

கோல்ட்ஃபிங்கர்ங்கிற ஸ்கா பங்க் பேண்டோட 'சூப்பர்மேன்' (1997) கேளுங்க, வெர்ஸ்ல கிளீன் டோன், கோரஸ்லதான் டிஸ்டார்ஷன், அதனாலதான் அந்த கோரஸ் அப்படி அறையுது. ஆபரேஷன் ஐவிங்கிற பேண்ட்ல கிடார் அழுக்காத்தான இருக்குன்னு வாதாடுவாங்க. இருக்கு, ஆனா அங்க நாலே பேரு, ஹார்ன் செக்ஷனே (ட்ரம்பெட், சாக்ஸ் மாதிரி ஊதுறவங்க) கிடையாது, கிடாருக்கு எடம் இருந்துச்சு.

ஹார்ன்காரங்களுக்கு ஈ கீ குடுக்குறது

கிடார் வாசிக்கிற உங்களுக்கு ஈ சுலபம். ஆனா ஹார்ன்காரங்க அதே சத்தத்துக்கு வேற கீல வாசிக்கணும், ஷார்ப் நெறைய வந்தா கஷ்டம். அதே பாட்டுக்கு ட்ரம்பெட்காரன் எஃப் ஷார்ப்ல வாசிக்கணும், ஆல்டோ சாக்ஸ் சி ஷார்ப்ல. ஒரு ஃப்ரெட் தள்ளி எஃப்ல புடிங்க, அவங்களுக்கு ஜி, டின்னு ஆகிடும், உங்களுக்கு எப்படியும் பார் கார்ட்தான.

பாடும்போது ஹார்ன் ஊதுறது

ஊதாதீங்க.

கட்டம் போட்ட சட்டை

போடுங்க, ஆனா அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம் 1979ல கவென்ட்ரில ஆரம்பிச்ச டூ டோன் ரெக்கார்ட்ஸ்ங்கிற ஸ்கா லேபிளோட அடையாளம், அவங்க பேண்டுங்களையும் கேளுங்க.

கோரஸ்ல வேகம் ஏத்துறது

பங்க் பீட்டுக்கு மாறுன உடனே ட்ரம்மர் ஓட ஆரம்பிச்சிடுறான், பின்னாடியே மொத்த பேண்டும் ஓடுது. ஜாம் ரூம்ல கிளிக் (மெட்ரோனோம் சத்தம்) போட்டு அந்த மாறுற எடத்த மட்டும் வாசிச்சுப் பாருங்க, முழுப் பாட்ட அப்புறம் வெச்சுக்கலாம்.