ஆக்சிஜன் சென்சாரை மாற்றும் முன் நீங்களே சோதித்துப் பாருங்கள்

செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரை மாட்டினால் 'ஆக்சிஜன் சென்சார்' என்று ஓர் எரர் கோடு. புது சென்சார் வாங்கி மாட்டியாயிற்று. கொஞ்ச நாளில் அதே விளக்கு மறுபடி எரிகிறது. இப்படி நடந்தால் பெரும்பாலும் பழைய சென்சார் நன்றாகவே இருந்திருக்கும். திருடனைப் பார்த்துக் குரைத்த நாயை அடித்து விரட்டிய கதைதான். எனவே, சென்சார் பொய் சொல்கிறதா, இன்ஜினின் கோளாறை உள்ளபடி சொல்கிறதா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஓபிடி2 ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி), டிஜிட்டல் மல்டிமீட்டர் இரண்டும் போதும்.

வேலை செய்யும் விதம் சுருக்கமாக: எரிந்த புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை வெளிக்காற்றோடு ஒப்பிட்டு, சென்சார் ஒரு சிறு மின்னழுத்தத்தைத் தருகிறது. பெட்ரோல் அதிகமானால், அதாவது 'ரிச்' ஆனால், 0.9 வோல்ட் பக்கம் ஏறும். காற்று அதிகமானால், அதாவது 'லீன்' ஆனால், 0.1 பக்கம் இறங்கும். நடுக்கோடு 0.45. சென்சார் முனை சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகே இந்த அளவுகளை நம்பலாம். அதனால்தான் அதற்குள்ளேயே ஒரு ஹீட்டர் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. இங்கே சொல்வது சாதாரண, நான்கு ஒயர் சென்சாருக்கு. ஐந்து அல்லது ஆறு ஒயர் இருந்தால் அது அநேகமாக வைட்பேண்ட் வகை. அதன் கணக்கே வேறு, இந்த வோல்ட் அளவுகளை அதில் தேடாதீர்கள்.

படி 1: எரர் கோடை முழுதாகப் படியுங்கள்

'பேங்க் 1 சென்சார் 1' என்றால், முதல் சிலிண்டர் இருக்கும் பக்கத்தில், கேடலிடிக் கன்வர்ட்டருக்கு (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) முன்னால் இருப்பது, 'சென்சார் 2' அதற்குப் பின்னால் இருப்பது. பி0135 வந்தால் ஹீட்டர் சர்க்யூட், பி0133 வந்தால் சென்சார் மந்தம், பி0134 வந்தால் சிக்னலே அசையவில்லை. பி0171 (லீன்), பி0172 (ரிச்) இரண்டும் சென்சாரைக் குற்றம் சொல்லும் கோடுகளே அல்ல. அவை இன்ஜினைப் பற்றி சென்சார் கொடுத்த புகார்.

படி 2: கண்ணையும் காதையும் பயன்படுத்துங்கள்

இன்ஜின் ஆறியிருக்கும்போது ஒயரைத் தொடர்ந்து பாருங்கள். சூடான பைப்பில் பட்டு உருகியிருக்கலாம், கனெக்டர் பின் பச்சை பூத்திருக்கலாம். பிறகு ஸ்டார்ட் செய்து, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாய்) பக்கம் 'டிக் டிக்' என்று காற்று கசியும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். சென்சாருக்கு முன்னால் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, சென்சார் பொய்யாக லீன் காட்டும். மிஸ்ஃபயரிலும் (ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போவது) இதே கதைதான்: எரியாத பெட்ரோலோடு எரியாத ஆக்சிஜனும் வெளியே வருவதால், சென்சாருக்கு அது லீனாகத் தெரியும்.

படி 3: ஹீட்டர்

இன்ஜினை ஆஃப் செய்து, ஆறிய பிறகு கனெக்டரைக் கழற்றுங்கள். பெரும்பாலும் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு ஒயர்கள் ஹீட்டருடையவை. சென்சார் பக்கப் பின்களில் ஓம் அளந்தால் சிறிய எண் வர வேண்டும், சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். மீட்டர் 'ஓஎல்' (அளவுக்கு மேல், அதாவது இணைப்பே இல்லை) காட்டினால் ஹீட்டர் அறுந்துவிட்டது, சென்சாரை மாற்றலாம். ஓம் சரியாக இருந்தும் பி0135 வந்தால் முதலில் ஃப்யூஸைப் பாருங்கள்.

படி 4: சிக்னலை ஆட்டிப் பாருங்கள்

முடிவைத் தருவது இந்தப் படிதான், அவசரப்படாதீர்கள். கனெக்டரைத் திரும்ப மாட்டி, இன்ஜினை நன்றாகச் சூடேற்றுங்கள். ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் சென்சார் 1 வோல்டேஜை மட்டும் கிராஃபாக வையுங்கள். புளூடூத் அடாப்டரில் பத்து அளவுகளை ஒரே நேரத்தில் தேர்ந்தெடுத்தால் எல்லாமே மெதுவாகி, நல்ல சென்சார்கூட மந்தமாகத் தெரியும்.

2,500 ஆர்பிஎம்மில் சீராகப் பிடியுங்கள். கிராஃப் 0.45-ஐ மேலும் கீழுமாக விடாமல் தாண்டிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்து, கார் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்ட நிலையில், ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று அழுத்தி, உடனே காலை எடுத்துவிடுங்கள். அழுத்தும்போது 0.8-க்கு மேல் துள்ள வேண்டும். விட்டதும் பெட்ரோல் நின்றுபோவதால் 0.1 பக்கம் விழ வேண்டும். இரண்டும் நடந்தால் சென்சார் உயிரோடு இருக்கிறது.

வேக்கம் ஹோஸை (இன்ஜின் காற்றை உறிஞ்சும் பக்கத்துச் சிறு குழாய்) பிடுங்கி லீன் ஆக்கிப் பார்க்கும் பழைய முறையும் உண்டு. ஆனால் மேப் சென்சாரை (அந்த உறிஞ்சும் பக்கத்து அழுத்தத்தை அளப்பது) வைத்துப் பெட்ரோலைக் கணக்கிடும் இன்ஜினில் ஹோஸைப் பிடுங்கினால் ஈசியூவே (இன்ஜின் கம்ப்யூட்டர்) கூடுதல் பெட்ரோல் விட்டு ஈடுகட்டிவிடும். பார்ப்பவர் சென்சார் செத்துவிட்டது என்று நினைப்பார். ஆக்ஸிலரேட்டர் முறையே ஆரம்பநிலையாளருக்கு நல்லது.

இப்போது தீர்ப்பு. எப்போதும் கீழேயே கிடந்த கிராஃப் கோடு, அழுத்தியதும் மேலே துள்ளினால் இன்ஜின்தான் லீன்: வேக்கம் கசிவு, பெட்ரோல் பிரஷர், அழுக்கடைந்த ஏர்ஃப்ளோ சென்சார் என்று தேடுங்கள். மேலேயே நின்ற கோடு, விட்டதும் விழுந்தால் இன்ஜின்தான் ரிச்: ஒழுகும் இன்ஜெக்டர், மூடாத பர்ஜ் வால்வு (டேங்கின் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு விடுவது). எதற்கும் அசையாமல் நின்றால், ஒயர் சரியாக இருப்பதை மல்டிமீட்டரில் உறுதி செய்துகொண்டு சென்சாரை மாற்றுங்கள்.

சென்சார் 2 விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். அது ஆடாமல் 0.6, 0.7 என்று நிற்பது கோளாறல்ல, கன்வர்ட்டர் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

படி 5: கழற்றும்போது

இன்ஜின் இளஞ்சூட்டில் இருக்கும்போது, ஒயருக்கு வெட்டு விட்ட 22 மி.மீ. சாக்கெட்டால் கழற்றுங்கள். முனையைப் பாருங்கள். உலர்ந்த கருமை என்றால் ரிச், வெள்ளைப் படிவு என்றால் கூலண்ட் அல்லது சிலிக்கான் சீலண்ட். அந்த மூல காரணத்தைச் சரிசெய்யாமல் புது சென்சார் மாட்டினால் அதுவும் அதே கதிக்குத்தான் போகும். புதியதன் மரையில் ஆன்டிசீஸ் (மரை இறுகிப் பிடிக்காமலிருக்கப் பூசும் பசை) ஏற்கெனவே தடவியிருந்தால் மேலே பூச வேண்டாம், முனையில் ஒரு துளிகூடப் படக்கூடாது. கனெக்டரில் கிரீஸும் வேண்டாம். பல சென்சார்கள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றை ஒயர் வழியாகத்தான் இழுக்கின்றன.

எரர் கோடை அழித்ததும் விளக்கு அணையும், அதைப் பார்த்து வேலை முடிந்தது என்று கருவிகளை மூட்டை கட்டாதீர்கள். சில நாள் வழக்கம்போல் ஓட்டி, ஸ்கேனரில் ஆக்சிஜன் சென்சார் மானிட்டர் (கார் தானே சென்சாரைச் சோதிப்பது) 'ரெடி' என்று வந்திருக்கிறதா, லாங் டேர்ம் ஃப்யூயல் டிரிம் (ஈசியூ நீண்ட நாளில் கற்றுக்கொண்ட பெட்ரோல் திருத்தம்) கூட்டியோ குறைத்தோ 10 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.