பென்டிரைவ் திறக்கவில்லையா? ஃபார்மட் பொத்தானில் கை வைக்காதீர்கள்

காட்பாடியில் நான் நடத்தும் அச்சுக்கடையில் இரண்டு கணினிகளும் விண்டோஸில் அல்ல, லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தில்தான் ஓடுகின்றன. கல்லூரிகளில் ப்ராஜெக்ட் அறிக்கை கேட்கும் மாதங்களில் தினமும் ஒரு பென்டிரைவாவது திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். போன வாரம் குடியாத்தத்திலிருந்து ஒரு மாணவி வந்தார். மறுநாள் காலை அறிக்கையைக் கொடுக்க வேண்டுமாம்; தோள்பையைக்கூட இறக்காமல் நின்றார். “அண்ணா, ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?” என்றார். பென்டிரைவ் சரியாகும், அறிக்கை போய்விடும் என்றேன். அவருடைய பென்டிரைவை வைத்தே வழியைச் சொல்கிறேன்.

கட்டளைகளின் எழுத்துகளைத் தமிழில் ஒலிப்புப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் சாளரத்தில், ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். ‘பி’ என்று வருவதெல்லாம் ‘பஸ்’ஸின் முதலெழுத்து.

முதலில் பென்டிரைவின் வாயைப் பாருங்கள். அந்த மாணவியுடையதில் பையின் நூல் பிசிறு அடைத்துக்கொண்டிருந்தது, பல்குச்சியால் எடுத்தேன். கணினியின் முன்பக்கத் துளையைவிடப் பின்பக்கத் துளை நம்பகமானது. வெளி ஹார்ட் டிஸ்க் என்றால் மின்சாரமும் ஒரு காரணம்: யுஎஸ்பி 2 துளை 500 மில்லியாம்பியர் தரும், யுஎஸ்பி 3 துளை 900 தரும். டிஸ்க் ‘டிக் டிக்’ என்று மட்டும் சத்தம் போட்டால் துளையை மாற்றிப் பாருங்கள்.

அடுத்து, கணினிக்கு அது தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பென்டிரைவைச் செருகும் முன்பு, எஸ்-யு-டி-ஓ, இடைவெளி, டி-எம்-இ-எஸ்-ஜி, இடைவெளி, மைனஸ் டபிள்யூ என்று தட்டி என்டர் அழுத்துங்கள். இப்போது செருகினால் புதிய வரிகள் ஓட வேண்டும். ஒரு வரிகூட வரவில்லை என்றால் கோளாறு துளையிலோ பென்டிரைவிலோ இருக்கிறது. எந்தக் கட்டளையும் உதவாது. வரிகள் வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. கன்ட்ரோல், சி இரண்டையும் சேர்த்து அழுத்தி வெளியே வாருங்கள்.

பிறகு எல்-எஸ்-பி-எல்-கே, இடைவெளி, மைனஸ் எஃப். செருகும் முன் ஒரு முறை, செருகிய பின் ஒரு முறை தட்டினால் புதிதாக முளைத்த பெயர்தான் உங்கள் பென்டிரைவ். பெரும்பாலும் எஸ்டிபி என்றும், அதன் கீழே எஸ்டிபி1 என்றும் இருக்கும். எஸ்டிஏ பல கணினிகளில் உள்ளே இருக்கும் டிஸ்க், அதைத் தொடாதீர்கள். மைனஸ் எஃப் இல்லாமல் தட்டினால் அளவும் தெரியும். 16 ஜிபி பென்டிரைவ் 14.9 என்று காட்டினால் கடைக்காரர் ஏமாற்றவில்லை. அவர் 1000-இல் எண்ணுகிறார், லினக்ஸ் 1024-இல் எண்ணுகிறது.

மைனஸ் எஃப் போட்டால் பெயருக்குப் பக்கத்தில் கோப்பு முறைமை, அதாவது கோப்புகளை அடுக்கிவைத்திருக்கும் முறையின் பெயர், இருக்கும். எக்ஸ்ஃபேட் என்றிருந்து கணினியில் 5.4-க்கு முந்தைய கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) இருந்தால், எக்ஸ்ஃபேட்-ஃபியூஸ் தொகுப்பை நிறுவ வேண்டும். 2019-க்குப் பிந்தைய கெர்னல்களில் இந்தத் தொல்லை இல்லை.

மாணவியின் பென்டிரைவில் இருந்தது விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ். திறந்தால், கோப்பு முறைமை தவறு, சூப்பர் பிளாக் கெட்டுவிட்டது என்று பயமுறுத்தும் செய்தி வந்தது. பலர் ஃபார்மட் பொத்தானைத் தேடுவது இந்த இடத்தில்தான். டிஎம்இஎஸ்ஜி-யின் கடைசி வரியோ உண்மையைச் சொன்னது: ‘வால்யூம் இஸ் டர்ட்டி’. விண்டோஸ் கணினியிலிருந்து யாரோ சொல்லாமல் பிடுங்கியிருக்கிறார்கள். வேலை பாதியில் நின்றதற்கான அடையாளம் உள்ளே ஒட்டிக்கொண்டது. 2021-இல் கெர்னல் 5.15-உடன் வந்த என்டிஎஃப்எஸ்3 டிரைவர் (என்டிஎஃப்எஸ்ஸைக் கையாளும் நிரல்), அந்த அடையாளம் இருந்தால் எழுதும் உரிமையோடு மவுண்ட் செய்ய, அதாவது ஒரு கோப்புறையாக இணைத்துத் திறக்க, மறுத்துவிடும். படிக்க மட்டும் கேட்டால் மறுக்காது.

ஆகவே கட்டளை இது: சூடோ (முன்பு தட்டிய எஸ்-யு-டி-ஓ), மவுண்ட் (எம்-ஓ-யு-என்-டி), மைனஸ் ஓ, ஆர்ஓ, பிறகு /டெவ்/எஸ்டிபி1, கடைசியில் /எம்என்டி. ஒவ்வொன்றுக்கும் நடுவே இடைவெளி விடுங்கள். /டெவ்/எஸ்டிபி1, /எம்என்டி இவற்றுக்குள் மட்டும் வேண்டாம். எம்என்டி கோப்புறைக்குள் போனால் கோப்புகள் அப்படியே இருக்கும். அறிக்கையை முதலில் கணினிக்கு நகலெடுத்தேன்.

பழுது பார்ப்பது அதற்குப் பிறகுதான். மவுண்ட்டை நீக்கிவிட்டு, சூடோ என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் மைனஸ் டி /டெவ்/எஸ்டிபி1 என்று தட்டினால் அந்த அடையாளம் அழியும். இது மேல்பூச்சு வைத்தியம்தான். முழுச் சோதனைக்கு விண்டோஸின் சிஎச்கேடிஎஸ்கே-வை ஓட்டுவதே நல்லது.

மவுண்ட்டை நீக்கும் கட்டளை சூடோ, யு-எம்-ஓ-யு-என்-டி, /எம்என்டி; முதல் யு-வுக்கு அடுத்து ‘என்’ கிடையாது, நானே பல நாள் தவறாகத் தட்டியிருக்கிறேன். ‘டார்கெட் இஸ் பிஸி’ என்று வந்தால், பெரும்பாலும் நீங்களே டெர்மினலில் அந்தக் கோப்புறைக்குள் உட்கார்ந்திருப்பீர்கள். சிடி என்று மட்டும் தட்டி வெளியே வந்து மறுபடி முயலுங்கள். பென்டிரைவில் விளக்கு இருந்தால் அது சிமிட்டி முடிக்கும்வரை இழுக்காதீர்கள். மாணவி ஸ்பைரல் கட்டிய அறிக்கையை வாங்கிக்கொண்டு, பென்டிரைவை நானே கழற்றித் தரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.