பிரீஎக்ளாம்ப்சியா வந்தவர்கள் பிரசவத்துக்குப் பிறகு செய்யும் தவறுகள்

பிரீஎக்ளாம்ப்சியா என்பது கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் (பிரஷர்) ஆபத்தான அளவுக்கு ஏறும் கோளாறு. "குழந்தை பிறந்தாச்சு, இனி பிரஷர் தானா இறங்கிடும்" என்று விட்டுவிடுவதுதான் முதல் தவறு. பலருக்கு 12 வாரத்துக்குள் இறங்கும், உண்மைதான். ஆனால் பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள்தான் பிரஷர் உச்சத்துக்கு ஏறும், அதாவது பெரும்பாலும் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகு. விடாத தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி, மூச்சுத்திணறல் எதுவாக இருந்தாலும் தூக்கம் போதாததால் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கருவி 160/110 அல்லது அதற்கு மேல் காட்டினால், உடம்புக்கு ஒன்றும் இல்லாதது போல இருந்தாலும் போக வேண்டும்.

அடுத்தது இன்னும் பெரிய தவறு. பிரஷர் 120/80-க்கு வந்ததும் கதை முடிந்தது என்று நினைப்பது. பிரீஎக்ளாம்ப்சியா வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தர ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று நான்கு மடங்கு, மாரடைப்பும் பக்கவாதமும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கர்ப்பத்தின் 34-ஆவது வாரத்துக்கு முன்பே பிரீஎக்ளாம்ப்சியா வந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். வயதானால்தானே என்று கேட்பீர்கள். 2017-ல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றில், இருபதுகளில் முதல் குழந்தை பெற்று, அந்தக் கர்ப்பத்தில் பிரஷர் கோளாறு இருந்த பெண்களில் 14 சதவீதம் பேருக்குப் பத்தே ஆண்டுகளுக்குள் ரத்த அழுத்தம் வந்துவிட்டது. கர்ப்பத்தில் அந்தப் பிரச்சினை இல்லாத அதே வயதுப் பெண்களில் இது 4 சதவீதம். இளவயது, ஒல்லியான உடம்பு, அறிகுறி எதுவும் இல்லை என்பதெல்லாம் இங்கே உத்தரவாதமே இல்லை. அதனால் வருடத்துக்கு ஒரு முறையாவது பிரஷர் பாருங்கள், கூடவே சர்க்கரையும் கொழுப்பும். வீட்டில் பார்ப்பதாக இருந்தால் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, மேல்கையில் கட்டும் கருவியில் பாருங்கள். ஓடி வந்து வேலைக்கு நடுவே பார்த்த அளவை நம்பிப் பயப்படவும் வேண்டாம்.

அப்புறம், பல வருடம் கழித்து வேறு ஒரு டாக்டரிடம் போகும்போது இதைச் சொல்லாமல் விடுவது. பிரசவத்தில் என்ன நடந்தது என்று எல்லா டாக்டரும் கேட்பதில்லை, அது அவர்கள் தவறுதான், ஆனாலும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைத் தூக்கிப் போடாதீர்கள்.

தாய்ப்பால் கொடுக்கிறோமே என்று பயந்து பிரஷர் மாத்திரையைத் தாமாக நிறுத்துகிறவர்களும் உண்டு. எனலாப்ரில், நிஃபெடிபின் போன்றவை தாய்ப்பால் தரும்போது பொதுவாகக் கொடுக்கப்படுபவைதான். ஆனால் அதே எனலாப்ரில் கர்ப்பத்தில் ஆகாது, ஆகவே அடுத்த குழந்தைக்கு யோசிக்கும் போதே மருந்தை மாற்றுவது பற்றிக் கேட்க வேண்டும். அந்தக் கர்ப்பத்தில் 12 வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்பதையும் கேளுங்கள், 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். கருத்தடை மாத்திரையும் கடையில் நேராக வாங்கிச் சாப்பிடுகிற விஷயமில்லை. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்தவை பிரஷரை ஏற்றும்.