தாராவிக்கு இன்டர்ன்ஷிப் வரும் வெளிநாட்டு மாணவர்களுக்கு

முதலில் விசா. 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால், வந்த 14 நாளுக்குள் இ-எஃப்ஆர்ஆர்ஓ (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) இணையதளத்தில் பதிய வேண்டும். ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தருவது) இருந்தால் தேவையில்லை. தங்க இடம் கொடுப்பவரும் 24 மணி நேரத்துக்குள் உங்கள் வருகையை ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். ஹோட்டல்காரர்கள் செய்துவிடுவார்கள், வீட்டுக்காரர்தான் மறப்பார். சாவி வாங்கும்போதே, அப்படித் தெரிவித்ததற்கான நகலைக் கேட்டு வாங்குங்கள்.

வீடு வீடாகக் கணக்கெடுப்புக்குக் காலையில் போகவே வேண்டாம். குழாயில் தண்ணீர் வரும் நேரம். ட்ரம்மும் குடமும் நிரம்பும்வரை எந்த அக்காவாலும் நின்று பேச முடியாது. சாயங்காலம் போனால் உட்காரவைத்து நிதானமாகப் பேசுவார்கள். 90 அடி சாலைப் பக்கம் தமிழே போதும். குயவர்கள் வாழும் கும்பார்வாடாவில் குஜராத்தி, இந்தி தெரிந்த துணை அவசியம். மழைக்காலத்தில் படிவங்களை பிளாஸ்டிக் உறையில் வையுங்கள்.

ரயிலுக்கு, பக்கத்து நிலையங்களில் மாஹிம் மேற்கு லைன், சயான் மத்திய லைன்.